கப்டனுக்குக் காற்று மறைத்த காலம்

விளையாட்டுக் கழகத்துப் பெடியள் தங்கள் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்தார்கள். அவர்களில் ஒருவன் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஐயா, எத்தனை சைக்கிள் ஓட்டத்தில நீங்கள் முதலாவதா வந்தனீங்கள்?" என்று தொடங்கினான்.

"ஒண்டிலையும் இல்லை," என்றேன்.

அவன் பேனையை மூடிவிட்டான். மரியாதையான பெடியன். ஆனாலும் முகம் சுருங்கிப் போனது. போகிற போக்கில், இனிமேல் தீவுச் சுற்றோட்டம் கடல் கடக்கிற பாதையில் ஏறாது, பண்ணைப் பாலத்தாலே போய் அதாலேயே திரும்பி வரும் என்று கமிட்டி முடிவெடுத்திருப்பதாகவும் சொன்னான். பாதையில் நேரம் பிடிக்கிறது சரிவராதாம். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பாதை இல்லாத தீவுச் சுற்று எனக்குச் சுற்றாகத் தெரியவில்லை.

முதலில் என் உத்தியோகம் என்னவென்று சொல்ல வேண்டும். ஐம்பதுகளின் நடுவிலிருந்து எண்பதுகள் பிறக்கும் வரை நான் யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கம்பனி ஒன்றின் சம்பளத்தில் சைக்கிள் ஓட்டினேன். கிழமை நாட்களில் கடை கடையாகச் சுருட்டுப் பெட்டி கொண்டுபோய்க் கொடுப்பது. ஓட்டம் வந்தால் கம்பனிச் சட்டை போட்டு ஓடுவது. சுருட்டுக் குடித்தால் வேலை போகும். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று முதலாளிக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

பழகிய கதை பெரிதில்லை. சுருவிலில் தகப்பனின் கரியர் சைக்கிளில் பனங்காய் ஏற்றிப் பழகினேன், விழுந்தேன், எழும்பினேன். ஒரு நாள் முதலாளி வேலணையில் காரை நிறுத்தி, என் கெண்டைக்காலைப் பிடித்துப் பார்த்தார். மாடு வாங்குகிறவர் பார்க்கிற பார்வைதான். "நாளைக்குக் கம்பனிக்கு வாரும்," என்றார். போனேன். என் படிப்பு அவ்வளவுதான்.

கம்பனியின் கப்டன் நவம் அண்ணை. எங்கள் ஊர்தான், என்னைவிட நாலைந்து வயது மூப்பு. அவர் வெல்ல வேண்டும், நான் அவருக்குக் காற்று மறைக்க வேண்டும். ஓட்டத்தில் முன்னுக்குப் போகிறவன் காற்றோடு மல்லுக்கட்டுவான். அவன் சைக்கிள் சில்லோடு சில்லு ஒட்டி வருகிறவனுக்கு அந்தச் சண்டை இல்லை. எங்கள் பாலங்களில் இரண்டு பக்கமும் கடல், ஒரு மரம் கிடையாது. சோழகக் காற்றுத் தொடங்கிவிட்டால் சைக்கிளோடு ஆளைத் தூக்கிக் கடலில் போடப் பார்க்கும். பண்ணையிலிருந்து மேற்கே போகும்போது காற்று இடப்பக்கத்தால் வரும். ஆகவே நான் இடப்பக்கத்தில், கப்டனைவிட அரைச் சில்லு முன்னே. திரும்பி வரும்போது வலப்பக்கம். முடிவிடம் தெரிகிற தூரத்தில் நான் விலகுவேன், அவர் பாய்வார், சனம் கத்தும், நான் பின்னால் ஆறுதலாக வந்து சேருவேன். என் பெயரைக் கத்திய ஒரே ஆள் என் மனுசிதான், அதுவும் வீட்டில்.

முதலாளியைப் பற்றி ஒரு பந்தி எழுதாமல் விட்டால் பாவம். அவர் வாழ்நாளில் சைக்கிளில் ஏறியதில்லை. வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, பழைய கறுப்புக் கார். அந்தக் காரின் கண்ணாடிக்கு வெளியே தலையை விட்டு, எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டே இருப்பார். ஓட்டம் முடிந்ததும் எல்லாரும் வெற்றிக் கோப்பையைப் பார்த்தால், அவர் நவம் அண்ணையின் நெஞ்சைப் பார்ப்பார். சட்டையை விரலால் தடவி, விரலைத் தன் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோவார். "கப்டன்ர நெஞ்சில தூசு இருக்குது, சண்முகம். நீர் எங்கை நிண்டனீர்?" என்று கேட்பார். கோப்பை கிடைத்த நாளிலும் கேட்பார். பிறகு என் சட்டையைப் பார்ப்பார். அது உப்பும் மண்ணுமாக விறைத்துப் போயிருக்கும். "ம்," என்பார். அந்த "ம்" தான் எனக்குக் கோப்பை.

எதிர்க் கட்சி சோடாக் கம்பனி. அவர்களின் கப்டன் கரம்பன் ஊர்ப் பிலிப்பு. கடற்றொழில் குடும்பம், வேதக்காரர் என்று நாங்கள் சொல்கிற கிறிஸ்தவர்கள், நல்ல உயரம். இப்படி ஒரு கள்ளனை நான் கண்டதில்லை. முழு ஓட்டத்திலும் ஆராவது ஒருவனின் சில்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து அந்தச் சில்லை மட்டும் பார்த்தபடி வருவான். முன்னுக்கு வா என்றால், "வாறன், வாறன்" என்பான், வரமாட்டான். கடைசியில் வெளியே பாய்ந்து வெல்வான். எத்தனையோ முறை என் பின்னால் ஒட்டியவனை நான் திரும்பிப் பார்த்துக் கோதாரியில் போவானே என்று திட்டியிருக்கிறேன். "திட்டு, திட்டு. திட்டினாலும் காத்து மறையுதுதானே," என்பான்.

இனிப் பாதைக்கு வருகிறேன். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவில் ஒரு துண்டுக் கடல் இருக்கிறது. அதில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி இறக்குகிற தட்டை மிதவைக்குத்தான் பாதை என்று பெயர். தீவுச் சுற்றோட்டம் யாழ்ப்பாணத்தில் தொடங்கி, பண்ணை, வேலணை வழியாக ஊர்காவற்றுறைக்கு வந்து, பாதையில் கடல் கடந்து, காரைநகர், பொன்னாலைப் பாலம் வழியாகத் திரும்பவும் யாழ்ப்பாணம் போகும். முன்னுக்கு வந்தவன் தனியே பாதையில் ஏறிப் போய்விட்டால் மற்றவனுக்கு ஓட்டம் முடிந்த மாதிரி. எல்லாரும் வரும்வரை நின்றால் முன்னுக்கு வந்தவன் பட்ட பாடு வீண்.

இதற்குப் பெரியவர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். பாதை ஓட்டுகிற சூசை அண்ணை, முதல் ஆள் துறையில் கால் வைத்ததும் ஒரு சுருட்டைப் பற்ற வைப்பார். சுருட்டு முடிந்ததும் பாதையை எடுப்பார். அதற்குள் வந்தவர்கள் எல்லாரும் ஒன்றாகக் கடந்து, அக்கரையில் ஒன்றாக ஓடத் தொடங்கலாம். பிந்தினவர்கள் அடுத்த தடவைக்கு நிற்க வேண்டும். முதல் வருடம் எங்கள் முதலாளி தன் கம்பனிச் சுருட்டைக் கொடுத்தார். அது நீளம் கூட என்று சோடாக் கம்பனி ஆட்சேபித்தது. அதன்பிறகு நடுவரே கடையில் வாங்கிக் கொடுத்தார். சூசை அண்ணை தனக்குப் பிடிக்காதவன் முன்னுக்கு வந்தால் சுருட்டைச் சும்மா கையில் வைத்துக்கொண்டு கதைப்பார் என்றும், பிடித்தவன் வந்தால் கன்னம் குழிய இழுப்பார் என்றும் ஒரு பேச்சு உண்டு. நான் அதை நம்புகிறேன்.

ஆனால் ஒரு விதிவிலக்கு இருந்தது. பாம்பு கடித்த ஆள், பிள்ளைத்தாச்சி, சாகக்கிடக்கிறவருக்குக் கடைசி எண்ணெய் பூசி அவஸ்தை கொடுக்கப் போகிற சுவாமியார் - இவர்களில் ஒருவர் துறைக்கு வந்தால் சூசை அண்ணை சுருட்டைக் கடலில் எறிந்துவிட்டு அந்தக் கணமே பாதையை எடுப்பார். ஓட்டமாவது, கோப்பையாவது. அதை எந்தக் கம்பனியும் ஆட்சேபித்ததில்லை.

அறுபதுகளில் ஒரு சோழக மாதம். நவம் அண்ணைக்கு அதுதான் கடைசி ஓட்டம் என்று பேசியாயிற்று. அவர் மனைவி மனோன்மணி நிறைமாதம். முதற் பிள்ளை பிறந்த அன்றே தவறிப் போனதால் இந்தப் பிள்ளையை இரண்டு பேரும் உள்ளங்கையில் வைத்துக் காத்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டத்துக்கு வரமாட்டேன் என்றுதான் நின்றார். இன்னும் நாள் கிடக்குது, போய் ஓடிவிட்டு வா என்று மருத்துவிச்சி சொன்ன பிறகுதான் சைக்கிளைத் துடைத்தார்.

வேலணை தாண்டியதும் அவருடைய பின்சில்லுக் காற்றுப் போய்விட்டது. மாற்றுச் சில்லு முதலாளியின் காரில். கார் பின்னால் வந்துகொண்டிருந்தது. முதலாளி தலையை வெளியே விட்டு, "சண்முகம், நீர் நில்லாதையும்! பிலிப்போட போம்! துறையில சூசையைக் கதைச்சுப் பிடியும்!" என்று கத்தினார். போனேன். பிலிப்பும் அவனுடைய கூட்டாளி ஒருவனும் நானுமாக ஊர்காவற்றுறைத் துறைக்கு வந்தோம். பிலிப்பு வழக்கம்போலக் கடைசியாக, ஒரு வியர்வைத் துளி இல்லாமல் இறங்கினான்.

சூசை அண்ணை சுருட்டைப் பற்ற வைத்தார். நான் அவர் குடும்பத்தின் சுகம் விசாரிக்கத் தொடங்கினேன். மூத்த மகளின் கலியாணப் பேச்சு வரை வந்துவிட்டேன். சுருட்டு பாதிகூட எரியவில்லை.

அப்போது வாடகைக்கு ஓடுகிற ஒரு ஹயர்க் கார் ஹோர்ன் அடித்துக்கொண்டு துறைக்கு வந்தது. பின் கதிரையில் மருத்துவிச்சி. அவர் மடியில் தலை வைத்து மனோன்மணி. நாள் கிடக்குது என்று சொன்ன மருத்துவிச்சியின் முகத்தில் ஒரு சொட்டு இரத்தம் இல்லை. "இனி என்ர கையில இல்லை. அக்கரை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வேணும். கெதியா, சூசை," என்றார்.

சுருட்டு கடலில் விழுந்தது. கார் ஏறியது, நாங்களும் ஏறினோம். பிலிப்பு முன்பக்கத்தில் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அக்கரைத் தெருவைப் பார்த்தபடி நின்றான். இறங்கின கையோடு ஆருடைய சில்லில் ஒட்டலாம் என்ற யோசனையாக இருக்கும்.

நான் காருக்குக் கிட்டப் போனேன். மனோன்மணி என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள். கை ஐஸ் மாதிரிக் குளிர்ந்தது.

"அண்ணை, அவர் எங்கை?"

"வாறார், தங்கச்சி. சில்லுக் காத்துப் போட்டுது. பின்னால வாறார்."

"எனக்கு இரத்தம் நிறையப் போகுது, அண்ணை. நான் தனியச் செத்துப் போவன். அவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"ஓம், கூட்டிக்கொண்டு வாறன். நீ கண்ணை மூடாதை."

அதுவரை எத்தனையோ பேர் எனக்குக் கட்டளை போட்டிருக்கிறார்கள். எல்லாம் ஒரே கட்டளைதான்: கப்டனைக் கொண்டு போய்ச் சேர். அவள் கேட்டதும் அதுவேதான்.

அக்கரையில் கார் பறந்தது. பிலிப்பு சைக்கிளில் ஏறி, நான் ஏறாமல் நிற்பதைக் கண்டு, "என்ன, வரேல்லையோ?" என்றான்.

"நீ போ."

"சண்முகம், விசர் வேலை பாக்காதை. நீ வந்தால்தானே..." என்று இழுத்தான். நான் வந்தால்தானே அவனுக்குக் காற்று மறையும். அவனும் கூட்டாளியும் போய்விட்டார்கள்.

பாதை திரும்பிப் போய் மறுபடி வரும் வரைக்கும் நான் அந்தத் துறையில் பட்ட பாட்டை எழுத ஏலாது. கதிர்காமக் கந்தனிலிருந்து நயினை அம்மாள் வரைக்கும் கூப்பிட்டேன். முதலாளியின் கார் வராது என்று எனக்குத் தெரியும். ஓட்ட நாளில் கம்பனிக் கார்களைப் பாதையில் ஏற்றமாட்டார்கள், அவர் பண்ணைப் பக்கமாகத் திரும்பி முடிவிடத்துக்குப் போய்விடுவார். பாதை வந்தது. அதில் நவம் அண்ணை, வேறு நாலைந்து பேர், கடைசியாகக் கரியர் பூட்டின சைக்கிளோடு ஓட்டத்துக்கு வந்திருந்த, வட்டுக்கோட்டையில் படிப்பிக்கிற ஒரு வாத்தியார்.

நவம் அண்ணை என்னைக் கண்டு கோபப்பட்டார். "உம்மை முன்னுக்கல்லோ போகச் சொன்னது?"

நான் நேரே சொல்லிவிட்டேன். சுற்றிவளைக்க எனக்குத் தெரியாது. அவர் ஒரு கேள்விதான் கேட்டார். "உயிரோடதானே?"

"என்ர கையைப் பிடிச்சவள். உங்களைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவள். என்ர சில்லைப் பாருங்கோ, வேறை ஒண்டும் பாக்காதேங்கோ."

அன்றைக்கு ஓடிய மாதிரி அதற்கு முன்னும் ஓடவில்லை, பின்னும் ஓடவில்லை. பொன்னாலைப் பாலத்தில் சோழகம் வலப்பக்கத்தால் வந்தது. நான் வலப்பக்கத்தில் நின்றேன். அலை தெருவில் அடித்து முகத்தில் உப்பு ஒட்டியது. பின்னால் நவம் அண்ணை அழுகிற சத்தம் கேட்டது. அழுதுகொண்டே மிதித்தார், ஒரு முழம்கூடப் பின்தங்கவில்லை. நானும் அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். காற்றில் என்ன தெரியும்.

பாலம் முடிகிற இடத்தில் பிலிப்பும் கூட்டாளியும் தெரிந்தார்கள். சந்தைக்குப் போகிற மாதிரிப் போய்க்கொண்டிருந்தார்கள். கூட்டாளி களைத்துவிட்டான்; பிலிப்பு முன்னுக்கு வர மறுத்துவிட்டான்; ஆளையாள் பார்த்துக்கொண்டு வேகம் விழுந்து போயிருக்கிறது. நாங்கள் அவர்களைத் தாண்டினோம். தாண்டிய அடுத்த கணமே இரண்டு பேரும் எங்கள் பின்னால் ஒட்டிக்கொண்டார்கள். எனக்கு அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை.

சந்தியில் ஓட்டம் நேரே போகும். தெருவில் சனம் கை காட்டி நின்றது. நான் இடப்பக்கம் ஆசுபத்திரி ஒழுங்கைக்குத் திருப்பினேன். "அங்காலை, அங்காலை!" என்று சனம் கத்தியது. படலை திறந்து கிடந்தது. காவற்காரன் ஒதுங்கினான். பூக்கன்றுகளைச் சுற்றி வாசலில் வந்து நின்றேன். நவம் அண்ணை சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு சைக்கிள்கள் ஒழுங்காகப் பூக்கன்றைச் சுற்றி வந்து நின்றன.

பிலிப்பு தலையை நிமிர்த்தினான். நாலு பக்கமும் பார்த்தான். "சண்முகம், இதென்ன இடம்?" என்றான்.

எனக்குச் சிரிக்கவும் ஏலவில்லை, அடிக்கவும் ஏலவில்லை. "ஆசுபத்திரி. நவம் அண்ணையின்ர மனுசி சாகக் கிடக்கிறாள்," என்றேன்.

அவன் சைக்கிளைத் திருப்பி ஓடியிருக்கலாம். வென்றிருப்பான். ஆனால் உள்ளேயிருந்து டொக்ரர் நவம் அண்ணையையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். "இரத்தம் வேணும். ஆம்பிளையள் நாலு பேர் நிக்கிறியள், நல்லது. கையைக் காட்டுங்கோ," என்றார்.

விரலில் குத்திப் பார்த்தார்கள். நவம் அண்ணையுடையது சேரவில்லை. பிலிப்பின் கூட்டாளியுடையதும் சேரவில்லை. என்னுடையது சேர்ந்தது. நான் சட்டையைச் சுருட்டினேன். டொக்ரர் என் நாடியைப் பிடித்துவிட்டுக் கையைக் கீழே போட்டார். "உம்மட்டை எடுத்தால் உம்மையும் பக்கத்தில படுக்க வைக்க வேணும். வேண்டாம்." பிலிப்பினுடையதும் சேர்ந்தது. அவன் நாடியைப் பிடித்தார். ஆச்சரியமாக அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீரும் இவையோடையோ ஓடி வந்தனீர்?"

"ஓம், டொக்ரர். நான் பின்னால வந்தனான்," என்றான் பிலிப்பு.

அவனைக் கட்டிலில் கிடத்தினார்கள். ஊசியைக் கண்டதும் அந்த நெடுவல் மனுசனின் முகம் வெளிறிவிட்டது. "சண்முகம், எனக்கு ஊசியெண்டால் சரியான பயம். பக்கத்தில நில்லு," என்றான். நின்றேன். வாழ்க்கை முழுதும் திட்டியவனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். டொக்ரர் போதும் என்றபோது, "இன்னும் வேணுமெண்டால் எடுங்கோ," என்று கண்ணை மூடியபடியே சொன்னான்.

பின்னேரம் பிறந்த பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது; பெண்பிள்ளை. தாயும் பிழைத்தாள்.

ஓட்டத்தை வட்டுக்கோட்டை வாத்தியார் வென்றார். கூட வந்தவர்கள் பொன்னாலைப் பாலத்தில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு விழுந்துவிட்டார்களாம். அவர் தான் கடைசி என்று நினைத்துக்கொண்டு ஆறுதலாக முடிவிடத்துக்கு வந்து, "எல்லாரும் வீட்டை போட்டினமோ?" என்று கேட்டாராம். மாலை போடுகிறவர்கள் அப்போது தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். தெருவை விட்டு விலகியதற்காக எங்கள் நாலு பேரையும் நீக்கினார்கள். நீர் ஏன் ஆசுபத்திரிக்குப் போனீர் என்று சோடாக் கம்பனி பிலிப்பை விசாரித்தது. "சில்லைப் பாத்துக்கொண்டு வந்தனான்," என்றுதான் அவன் சொன்னான். இரத்தம் கொடுத்ததைச் சொல்லவில்லை. எங்கள் முதலாளி ஆசுபத்திரிக்கே வந்தார். "கப்டனை எங்கை கொண்டுபோய்ச் சேர்க்கச் சொன்னனான், நீர் எங்கை சேர்த்திருக்கிறீர்?" என்று என்னைக் கேட்டார். பிறகு பிள்ளையை எட்டிப் பார்த்துவிட்டு, "ம்," என்றார்.

பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் சுருவிலில் வீடு நிறையச் சனம். துடக்குத் தீட்டுக் கழித்து, பிள்ளைக்கு முடி வழிக்க வேண்டும். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் வழிப்பது வழக்கம். மனோன்மணிக்குக் கூடப்பிறந்த ஆண் இல்லை. என்னை அண்ணை என்று கூப்பிடுகிறபடியால் நான்தான் இருப்பதாகப் பேச்சு. அதற்காக வெள்ளி அரைஞாண் ஒன்று செய்வித்து மடியில் முடிந்து வைத்திருந்தேன். பிலிப்பையும் அழைத்திருந்தார்கள். அவன் உள்ளே வராமல் படலையடியில் நின்றான்.

பாய் விரித்தார்கள். நான் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு எழும்பினேன். அப்போது மனோன்மணி அறை வாசலில் வந்து நின்று, "அவரைக் கூப்பிடுங்கோ," என்று படலைப் பக்கம் காட்டினாள்.

நவம் அண்ணையின் பெரியப்பா எழும்பினார். "என்ன பிள்ளை கதைக்கிறாய்? வேதக்காரன். சாதியில கடற்கரைப் பகுதி. அவனைக் கொண்டுவந்து மாமன்ர பாயில இருத்திறதோ?"

"என்ர உடம்பில இப்ப ஓடுறது ஆற்ற இரத்தமெண்டு உங்களுக்குத் தெரியும்தானே, பெரியப்பா," என்றாள். குரல் உயரவில்லை. "அது பகுதி பாத்தோ ஓடுது? அவர் இருக்கேல்லையெண்டால் பிள்ளைக்கு முடி வழிக்கத் தேவையில்லை."

எனக்குச் சுட்டது, பொய் சொல்லவில்லை. காற்றோடு கிடந்து மாய்ந்தவன் நான். ஒரு நாளும் காற்றுப் படாமல் வந்தவனுக்குப் பாய். நவம் அண்ணை என்னைப் பார்க்கத் துணியாமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா சால்வையை உதறிக்கொண்டு வெளியே போனார். அவரோடு இன்னும் சிலர் போனார்கள்.

நானே படலையடிக்குப் போய்ப் பிலிப்பைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவன் பாயில் இருந்தான். பிள்ளையை மடியில் வைத்தார்கள். முடி வழிக்க வந்தவர் கத்தியைத் தீட்டிவிட்டு, "தாய்மாமன் ஆர்?" என்று முறைக்குக் கேட்டார்.

பிலிப்பு திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தான். அங்கே ஒருவரும் இல்லை. பிறகு பிள்ளையைப் பார்த்தான்.

"நான்தான்," என்றான்.

நான் மடியை அவிழ்த்து, அரைஞாணை எடுத்து, அவன் கையில் வைத்தேன்.